படகுக்கு மறுபூச்சு: ஜெல்கோட்டா, பெயின்ட்டா?

ஃபைபர் படகின் பளபளப்பு மங்கி, கையால் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டுகிறது என்றால் உடனே பூச்சு டப்பா வாங்கக் கிளம்ப வேண்டாம். ஃபைபர் படகின் மேற்புறமாக அமைந்திருக்கும் தடித்த நிறப்பூச்சுதான் ஜெல்கோட். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேற்புற ரெசினைச் (பிசினைச்) சிதைத்துவிட்டது. அதனால் வெளியே வந்த நிறப்பொடிதான் அந்த மாவு. அதற்கு அடியில் நல்ல ஜெல்கோட் இன்னும் இருக்கலாம். அப்படி இருந்தால் மறுபூச்சே தேவையில்லை. எதைப் பூசுவது என்று யோசிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது பல வார வேலையை மிச்சப்படுத்தும்.

முதலில் சோதனை

அச்சிலிருந்து வரும் புதுப் படகில் ஜெல்கோட்டின் தடிப்பு ஏறக்குறைய 0.4 முதல் 0.6 மி.மீ. ஒவ்வொரு முறை ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) போட்டுத் தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. மிச்சம் எவ்வளவு என்று பார்க்க, அதிகம் வெயில் படும் பக்கத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சோப்பு நீரால் கழுவிவிட்டு, ஈரத்தோடு நிறத்தைப் பாருங்கள். ஈரத்தில் பழைய நிறம் திரும்பி வந்தால் பாலிஷ் வேலை பலிக்க வாய்ப்பு அதிகம். பிறகு 800, 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரை வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, மெழுகு பூசுங்கள். பளபளப்பு சில வாரம் நிலைத்தால் படகு முழுவதையும் அப்படியே செய்யலாம். தேய்க்கும்போது கருத்த திட்டுகளோ ஃபைபர் இழையோ தெரிந்தால், ஜெல்கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள். குண்டூசி முனை அளவு துளைகள் நிறையத் தெரிந்தாலும் பாலிஷ் நிற்காது.

முன்பே யாராவது பெயின்ட் அடித்த படகா என்பதும் தெரிய வேண்டும். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து ஒரே இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் இறங்கி மேற்பரப்பு பிசுபிசுத்தால் அது எதையும் கலக்காமல் அப்படியே பூசும் ஒற்றை டப்பா பெயின்ட். அசையாமல் இருந்தால் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்த இரட்டை டப்பா பெயின்ட் அல்லது ஜெல்கோட். இரண்டில் எது என்று அறிய ஒரு மூலையைச் சாய்வாகத் தேய்த்துப் பாருங்கள். பெயின்ட் என்றால் மேல்பூச்சு, பிரைமர், அதற்கடியில் பழைய ஜெல்கோட் என்று வளையம் வளையமாகத் தெரியும்.

விரிசல்களையும் படியுங்கள். கயிறு கட்டும் கொக்கியைச் சுற்றி நட்சத்திர வடிவில் ஓடும் விரிசல், உள்தடுப்புச் சுவருக்கு நேராக வரிசையாக ஓடும் விரிசல் இவை எல்லாம் அடியில் உள்ள ஃபைபர் வளைந்து கொடுப்பதன் அடையாளம். அடியில் பலப்படுத்தாமல் மேலே எதைப் பூசினாலும் அதே கோடு திரும்ப வரும். பலப்படுத்திய பிறகு ஒவ்வொரு விரிசலையும் ஆங்கில ‘வி’ வடிவில் கீறித் திறந்து நிரப்ப வேண்டும். மயிரிழைக் கோட்டின் மேல் பட்டி தடவினால் அது உள்ளே போகாது.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு

ஜெல்கோட் என்பது நிறமி கலந்த பாலியெஸ்டர் ரெசின். அது அரை மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கும். இரண்டு மூன்று கோட் பெயின்ட்டின் மேல்பூச்சு காய்ந்த பின் 50 முதல் 75 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.), அதாவது ஜெல்கோட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மணலில் இழுத்து ஏற்றும் படகு, கட்டுமரமும் படகும் உரசும் துறையில் நிற்கும் படகு, டிரெய்லரில் ஏறி இறங்கும் படகு ஆகியவற்றுக்கு இந்தத் தடிப்பு முக்கியம். கீறல் விழுந்தாலும் ஜெல்கோட்டில் அது நிறத்துக்குள்ளேயே நிற்கும், தேய்த்து எடுத்துவிடலாம். பெயின்ட்டில் விழும் அதே கீறல் பிரைமரைக் காட்டிவிடும்.

மறுபக்கம், புதுப் படகின் ஜெல்கோட் கண்ணாடிபோல் இருப்பதற்குக் காரணம் அச்சு. அச்சின் பளபளப்பு அதில் பதிந்து வருகிறது. பழைய படகின் மேல் வெளியிலிருந்து பூசும் ஜெல்கோட்டுக்கு அச்சு இல்லை. அது ஆரஞ்சுத் தோல்போல் மேடு பள்ளமாகத்தான் காயும். படகின் ஒவ்வோர் அங்குலத்தையும் தேய்த்துச் சமன் செய்து பாலிஷ் போட வேண்டும். இரட்டை டப்பா பாலியூரித்தேன் பெயின்ட்டோ தானாகவே பரவிச் சமமாகிப் பளபளக்கும். ஆனால் அடிப்பரப்பில் உள்ள ஒவ்வொரு குறையையும் அது கண்ணாடியாகக் காட்டும் என்பதால் அதற்கு முன் பட்டி, பிரைமர், தேய்ப்பு என்று நாட்கள் போகும். ஆக, ஜெல்கோட்டில் உழைப்பு பூசிய பிறகு வருகிறது. பெயின்ட்டில் பூசுவதற்கு முன் வருகிறது. எங்கள் கருத்தில் தேர்வின் மையம் இதுதான். பளபளப்பைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பாதியில் வேலையை நிறுத்துகிறார்கள்.

எந்தப் படகுக்கு எது

சேதம் ஓர் இடத்தில் மட்டும் இருந்தால், மற்ற இடம் நல்ல ஜெல்கோட் என்றால், ஜெல்கோட்டே சரி. ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் தேய்த்து இணைக்க முடியும். நிறம் பொருத்தும்போது வெளுத்த பரப்போடு ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் ஒரு துண்டு இடத்தைப் பாலிஷ் செய்து, அந்த நிறத்தோடு ஒப்பிடுங்கள்.

படகு முழுவதும் போய்விட்டது, கீறல் படும் பயன்பாடு குறைவு, நல்ல தோற்றம் வேண்டும் என்றால் இரட்டை டப்பா பாலியூரித்தேன். சரியான தயாரிப்போடு பூசினால் 7 முதல் 10 ஆண்டு வரை பளபளப்பு நிற்கும். இதிலும் இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் வகை மிகக் கடினம், நீண்ட பளபளப்பு. ஆனால் தேய்த்துப் பாலிஷ் செய்தால் மேற்புறத்தில் உள்ள பளபளப்பு அடுக்கு போய்விடும், எனவே சின்னச் சேதத்துக்கும் ஒரு பக்கம் முழுக்க மறுபடி அடிக்க நேரலாம். அக்ரிலிக் வகை கொஞ்சம் மென்மை. தூசி விழுந்தாலும் கீறல் பட்டாலும் தேய்த்துப் பாலிஷ் போட்டு இணைக்கலாம். அடிக்கடி உரசல் வாங்கும் படகுக்கு அக்ரிலிக் வகையையே சிபாரிசு செய்வோம்.

ஒற்றை டப்பா மரைன் எனாமல் 2, 3 ஆண்டில் மங்கிவிடும். ஆனால் பூசுவது எளிது, தவறு செய்தால் திருத்துவதும் எளிது. சிறு படகு, ஆண்டுதோறும் கையில் எடுத்துச் சீர்செய்யும் படகு, மரப் படகு ஆகியவற்றுக்கு இது குறைந்த தேர்வு அல்ல, பொருத்தமான தேர்வு. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். பலகை கோத்த மரப் படகின் மேல் ஜெல்கோட்டோ மிகக் கடினமான பெயின்ட்டோ போட்டால் மூட்டுக்கு மூட்டு வெடிக்கும். வளைந்து கொடுக்கும் எனாமல் அந்த அசைவைத் தாங்கும்.

அலுமினியப் படகில் ஜெல்கோட் பேச்சே இல்லை. உலோகத்தைத் தேய்த்த அன்றே, ஆக்சைடு படிவதற்கு முன், அதற்குரிய எபாக்ஸி பிரைமர் (ஹார்டனர் கலந்து இறுகும் ரெசின் அடிப்பூச்சு) போட்டு அதன் மேல் பாலியூரித்தேன் பூசுங்கள். செம்பு கலந்த பாசி எதிர்ப்புப் பூச்சை அலுமினியத்தின் மேல் பூசவே கூடாது. மின்வேதி அரிப்பு தகட்டைத் தின்றுவிடும்.

எதன் மேல் எது ஒட்டும் என்பதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. ஜெல்கோட்டின் மேல் ஜெல்கோட் ஒட்டும். ஜெல்கோட்டின் மேல் எபாக்ஸி பிரைமர் ஒட்டும், அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டும். ஆனால் பெயின்ட்டின் மேல் ஜெல்கோட் கூடாது. ஜெல்கோட்டில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் பெயின்ட்டைக் கிளப்பிவிடும். எபாக்ஸி பட்டியின் மேல் ஜெல்கோட்டும் நம்பத் தகுந்ததல்ல: எபாக்ஸியில் மிஞ்சிய அமீன் என்ற வேதிப்பொருள் பாலியெஸ்டரை இறுகவிடாமல் தடுக்கும். எனவே ஜெல்கோட் பூசப்போகிறீர்கள் என்றால் பள்ளம் நிரப்புவதையும் பாலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் பட்டியிலேயே செய்துவிடுங்கள். ஒற்றை டப்பா பெயின்ட்டின் மேல் இரட்டை டப்பா போட்டால் அதன் காரமான தின்னர் கீழ் அடுக்கைச் சுருக்கம் சுருக்கமாகக் கிளப்பும். அப்படிப்பட்ட படகில் பழையதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது ஒற்றை டப்பாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நீர்க்கோட்டுக்குக் கீழே இந்த மேல்பூச்சுப் பெயின்ட் எதையும் பூச வேண்டாம். எப்போதும் நீரில் நிற்கும் பரப்பில் அது கொப்புளமாகிக் கழன்றுவிடும். அங்கே எபாக்ஸி தடுப்புப் பூச்சு, அதன் மேல் பாசி எதிர்ப்புப் பூச்சு. நாள் முடிந்ததும் கரையேற்றி வைக்கும் படகுக்கு இந்தக் கவலை இல்லை.

நிறம் பற்றி ஒன்று. கருநீலமும் கறுப்பும் கண்ணுக்கு அழகுதான். ஆனால் கடும் வெயிலில் அந்தப் பரப்பு 70 டிகிரி செல்சியஸை எட்டும். அந்தச் சூட்டில் அடியில் உள்ள பாலியெஸ்டர் ரெசின் மேலும் இறுகி, ஃபைபர் நெய்தலின் கட்டம் வெளியே தெரியத் தொடங்கும். பழைய பட்டியின் ஓரங்களும் தெரியும். வெள்ளையும் வெளிர் நிறங்களும் சூடும் ஏற்றாது, குறையையும் காட்டாது. மேல்தளத்துக்கு வெளிர் நிறம்தான், வெறுங்காலோடு நடக்க வேண்டுமே.

ஜெல்கோட் பூசும் முறை

தேய்ப்பதற்கு முன்பே மெழுகை எடுத்துவிடுங்கள். மெழுகு நீக்கும் கரைப்பானை ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் துடைத்தெடுங்கள். துணிகளை அடிக்கடி மாற்றுங்கள். முதலில் தேய்த்தால் உப்புத்தாள் மெழுகைக் கீறலுக்குள் அழுத்திவிடும். பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே விரிப்பாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி துடையுங்கள். அதன் பின் 80 முதல் 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு ஒரு புள்ளிகூட மிஞ்சாமல் தேய்க்க வேண்டும்.

ஜெல்கோட்டை இறுக்குவது எம்.இ.கே.பி. என்ற கேட்டலிஸ்ட். எடையில் 1.5 முதல் 2 சதவீதம்: 500 கிராம் ஜெல்கோட்டுக்கு 7.5 முதல் 10 கிராம். 1 சதவீதத்துக்குக் கீழே போனால் எத்தனை நாள் காத்தாலும் முழுதாக இறுகாது. 3 சதவீதத்தைத் தாண்டினால் மஞ்சளிக்கும், நொறுங்கும். 25 டிகிரியில் கலவை 15, 20 நிமிடத்தில் கெட்டியாகத் தொடங்கும். அதனால் ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் சுரண்டிச் சுரண்டி ஒரு நிமிடம் முழுதாகக் கலக்குங்கள். 16 டிகிரிக்குக் கீழே குளிர் இருந்தால் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். உங்கள் ஜெல்கோட்டில், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தால், அதை முதலில் ஜெல்கோட்டில் நன்றாகக் கலந்து முடித்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடித்துத் தீப்பற்றும். கேட்டலிஸ்டோடு அசிட்டோனையும் சேர்க்காதீர்கள்.

காற்றுப் படும் பாலியெஸ்டரின் மேற்புறம் பிசுபிசுப்பாகவே நிற்கும், ஏனென்றால் ஆக்சிஜன் அதை இறுகவிடாது. இதைத் தடுக்க, கடைசி கோட்டில் மட்டும் ஸ்டைரீனில் கரைத்த மெழுகுக் கரைசலை, டப்பாவில் சொன்ன அளவில், சேர்க்க வேண்டும். அந்த மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கும். முதல் கோட்டிலேயே மெழுகு சேர்த்தால் அடுத்த கோட் ஒட்டாது. மெழுகுக்குப் பதிலாக, கடைசி கோட் கெட்டியானதும் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) திரவத்தைத் தெளித்துப் படலம் போடலாம். பிறகு தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

தடிப்பு 0.5 முதல் 0.6 மி.மீ. வர வேண்டும், அதில் ஒரு பகுதியைத் தேய்த்து எடுக்கப் போகிறோம். ஈரத் தடிப்பை அளக்கும் பல் வைத்த சீப்பு அளவி மலிவானது, அதை வைத்து அளந்துகொண்டே போங்கள். பெயின்ட் பழக்கம் உள்ளவர்கள் மெல்லியதாகப் பூசி இங்கேதான் சறுக்குகிறார்கள். 0.25 மி.மீ.க்குக் குறைந்தால் ஸ்டைரீன் ஆவியாகி, பூச்சு அரைகுறையாக இறுகும். அதன் மேல் அடுத்த கோட் விழும்போது முதலைத் தோல்போல் சுருண்டு வெடிக்கும். 1 மி.மீ.ஐத் தாண்டினாலோ பின்னாளில் விரிசல். ரோலரில் பூசினால் முந்தைய கோட் விரலில் ஒட்டாமல், ஆனால் நகம் பதியும் நிலையில் இருக்கும்போது அடுத்ததைப் பூசுங்கள். கெட்டியாக இருக்கிறதே என்று அசிட்டோன் ஊற்றி நீர்க்கச் செய்யாதீர்கள். உள்ளே சிக்கிய ஆவி துளைகளாக வெளிவரும்.

ஒரு நாள் இறுகவிட்டு, பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, கட்டையில் சுற்றிய 220 எண் தாளால் தொடங்குங்கள். கோடு முழுதும் மறைந்தால் அந்த இடம் சமம். பிறகு 400, 600, 800, 1000, 1500, அதன் பின் காம்பவுண்ட். எண்ணைத் தாண்டினால் பழைய கீறல் பாலிஷுக்குப் பிறகு தெரியும். முனைகளிலும் மடிப்புகளிலும் மெஷின் வேண்டாம்; அங்கே நொடியில் அடிப்பரப்பு வந்துவிடும்.

பெயின்ட் பூசும் முறை

முடிந்தவரை கொக்கி, கம்பி, விளக்கு எல்லாவற்றையும் கழற்றுங்கள். அவற்றைச் சுற்றி டேப் ஒட்டி அடித்த பெயின்ட் முதலில் அந்த ஓரத்தில்தான் கிளம்பும். மெழுகு நீக்குவது மேலே சொன்னபடியே. 120 முதல் 180 எண் தாளால் தேய்த்து, எபாக்ஸி பட்டியால் நிரப்பி, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். எபாக்ஸி பட்டி காய்ந்த மேற்பரப்பில் மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்புப் படியும். அது தண்ணீரில் கரையும், கரைப்பானில் சரியாக வராது. வெதுவெதுப்பான நீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாள்.

முதல் பிரைமர் கோட்டுக்குப் பிறகு துளைகள் பளிச்சென்று தெரியும். அடுத்த கோட் அவற்றை மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். பூச்சு துளையின் மேல் பாலம் போட்டு, உள்ளே காற்றை அடைத்து, வெயிலில் உடையும். மெல்லிய பட்டியை அகலத் தகட்டால் இறுக்கித் தேய்த்து உள்ளே செலுத்துங்கள். கடைசி பிரைமரை 320 எண் தாளால் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இப்போது தெரியும் குறை பெயின்ட்டுக்குப் பிறகு இரண்டு மடங்காகத் தெரியும்.

பிரைமர் டப்பாவில் அடுத்த கோட்டுக்கான குறைந்தபட்ச நேரமும் அதிகபட்ச நேரமும் இருக்கும். அதிகபட்சத்தைத் தாண்டிவிட்டால் தேய்க்காமல் அடுத்ததைப் பூசக் கூடாது. படலம் படலமாக உரிந்து வரும் பெயின்ட்டில் பெரும்பாலானவை இந்த நேரத்தை மீறியவை, அல்லது மெழுகு போகாதவை.

இரட்டை டப்பா பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே செய்தால் அதன் பனித்துளி நுரையீரலுக்குப் போய், நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கலாம். வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி இல்லாமல் ஸ்ப்ரே செய்யாதீர்கள். வடிகட்டி முகமூடியை அதற்கு ஈடாகக் கருத வேண்டாம். அந்த ஏற்பாடு இல்லாதவர்களுக்கு ரோலரும் பிரஷும்தான் வழி, அப்போதும் கையுறை, கண்ணாடி, ஆவிக்கான வடிகட்டி முகமூடி வேண்டும். முடிவு ஸ்ப்ரேக்கு மிக நெருக்கமாகவே வரும்.

அதற்கு இருவர் தேவை. ஒருவர் கரைப்பானுக்குக் கரையாத மெல்லிய ஃபோம் ரோலரால் இரண்டடி அகலத்துக்கு மெலிதாக உருட்ட, மற்றவர் உடனே நல்ல மயிர் பிரஷின் நுனியால், பாரம் கொடுக்காமல், ஒரே ஒரு முறை மேலிருந்து கீழாக நீவ வேண்டும். ஈர ஓரம் காய்வதற்குள் அடுத்த பகுதி. விட்டுப்போன இடத்தைத் திரும்பிப்போய்த் தொடாதீர்கள். அடுத்த கோட்டில் சரியாகும். பிரஷ் கோடு மறையாமல் நின்றால் பிரஷ் வேலைக்கான தின்னரைக் கொஞ்சம் கொஞ்சமாக, டப்பாவின் வரம்புக்குள், கூட்டுங்கள். பூச்சு வழிந்தால் தின்னர் அதிகம், அல்லது தடிப்பு அதிகம்.

பரப்பு பனிபடும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 24 டிகிரியில் பனி படியும். படகின் பரப்பு 27க்குக் கீழே இருக்கக் கூடாது. காலையில் பரப்பு உலர்ந்ததும் நிழலில் தொடங்கி, நண்பகலைத் தாண்டியதும் சீக்கிரம் நிறுத்துங்கள். முழுதாய்க் காயாத பெயின்ட்டின் மேல் மாலைப் பனி விழுந்தால் மறுநாள் பளபளப்பு பால்நிறமாக மங்கியிருக்கும். மீன் கண் போன்ற வட்டக் குழிகள் வந்தால் சிலிக்கோன் மிச்சம் இருக்கிறது. மேலே மேலே பூசிப் பயனில்லை, துடைத்தெடுத்துத் திரும்பச் சுத்தம் செய்யுங்கள்.

எவ்வளவு வாங்குவது

நீர்க்கோட்டுக்கு மேலுள்ள பக்கப் பரப்பைக் கணக்கிட, நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, சராசரிப் பக்க உயரத்தால் பெருக்குங்கள். 8 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம் என்றால் சுமார் 19 சதுர மீட்டர். பெயின்ட் டப்பாவில் திடப்பொருள் கன அளவு (காய்ந்த பின் மிஞ்சும் பங்கு) 45 சதவீதம் என்றிருந்தால், அதைப் பத்தால் பெருக்கி, வேண்டிய மைக்ரானால் வகுக்க வேண்டும்: மொத்தம் 60 மைக்ரானுக்கு லிட்டருக்கு 7.5 சதுர மீட்டர். ஆக 2.5 லிட்டர், ரோலரில் நிற்பதையும் சேர்த்தால் 3 லிட்டர். ஸ்ப்ரேயில் காற்றோடு போவது மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. அதே படகுக்கு 0.5 மி.மீ. ஜெல்கோட், சதுர மீட்டருக்கு 650 கிராம் வீதம், 12 கிலோவுக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பு எண் கொண்டதாக வாங்கிவிடுங்கள். வெவ்வேறு எண் என்றால் தொடங்குவதற்கு முன்பே ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள்.

டேப்பைக் கடைசி கோட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், அதே நாளில், பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். நாளைக்கு என்று விட்டால் ஓரம் பல் பல்லாக வரும். புதுப் பாலியூரித்தேன் கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை கயிறோ டயரோ தார்ப்பாயோ அதன் மேல் படக் கூடாது. ஈரமான தார்ப்பாயை மூடி வைத்தால் அதன் சுருக்கம் அப்படியே பதிந்துவிடும். பிறகும் கழுவ மெல்லிய சோப்பு நீர் போதும். பாலியெஸ்டர் வகைப் பெயின்ட்டில் ரப்பிங் காம்பவுண்ட் எப்போதும் வேண்டாம். ஜெல்கோட் பூசிய படகுக்கோ பாலிஷ் முடிந்த அன்றே மெழுகு போட்டு, வெயிலின் கடுமையைப் பொறுத்து ஆண்டுக்கு இரண்டு முறையாவது திரும்பப் போடுங்கள்.